எலுமிச்சைத் தண்ணீரில் அலசிய நூல்

கரையோர மண்ணிலிருந்து கடல்நீரில் ஒரு வகை ரேடியம் சேர்கிறது. ஆறு ஆண்டுகளில் பாதியாகிறது. நடுக்கடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், அந்த நீர் கரையைவிட்டு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடலாம். ரேடியத்தைப் பிடிக்க, பெர்மாங்கனேட்டில் காய்ச்சிக் கறுப்பாக்கிய செயற்கை நூல் வேண்டும். ஆய்வு மாணவன் கலியாணசுந்தரம் பத்து கிலோ நூலைப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் அத்தை தில்லையம்மாளிடம் கறுப்பாக்கித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அவன் போகவேண்டிய ஆய்வுக் கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் வந்து பார்த்தபோது, கொடியில் நூல் வெளிறித் தொங்கியது.

"என்ன அத்தை பண்ணீங்க?"

"கன்னங்கரேல்னுதான் வந்துச்சுப்பா. பட்டுக்குப் பண்றாப்பல, மினுமினுப்பு வரட்டும்னு எலுமிச்சம்பழத் தண்ணியில அலசினேன். சாயம் ஓடிக்கினே இருந்துச்சு. மட்டமான சரக்கா வாங்கிக்கினு வந்தியேப்பா!"

புளிப்புப் பட்டால் அந்தக் கறுப்பு நிற்காது. அதை அவன் சொல்லியிருக்கவில்லை.

தபால் ஆபீசிலிருந்து பேராசிரியருக்கு போன் செய்தான்.

"அவ்வளவு பெர்மாங்கனேட்டுக்கு இனிமே எங்கே போறது? நூல் இல்லாம கப்பல்ல நீ எதுக்கு? உன் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்."

திரும்பியபோது அத்தை அண்டாவுக்கு அடியில் விறகு அடுக்கிப் பற்றவைத்திருந்தாள்.

"கறுப்பாக்குற மருந்தை இன்னும் குடுப்பா, சாயந்திரத்துக்குள்ள முடிச்சுடறேன்."

"வேணாம் அத்தை," என்றான். "தீயை அணைச்சுடுங்க."