அம்புட்டையும் குடுத்துரு

முதல் குடம் தண்ணீரை அப்பாவின் தலையில் ஊற்றப் போன பாண்டிச்செல்வியின் கையை அவளுடைய தம்பி அருள்பாண்டி பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல பத்திரம் எங்கன்னு சொல்லு. அப்புறம் ஊத்து."

ஒத்தக்கடையில் அந்தத் தெருவே வாசலில் திரண்டு நின்றது. பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்திருந்த உக்கிரபாண்டி வாய்க்கட்டோடு மகனுக்கும் மகளுக்கும் நடுவில் தேமே என்று இருந்தார். உயிரோடு இருந்தபோதும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவர் பாடு அதுதான்.

"என்ன பத்திரம்டா?"

"நடிக்காதக்கா. வீட்ட ஒம்பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்கிட்டேல்ல? காலைல அப்பாவப் பாக்க வந்த எம் பொண்டாட்டி, அவரு சொன்னதக் காதால கேட்டுருக்கா."

சத்யப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "சாமி சத்தியமாக் கேட்டேன். 'செட்டில்மெண்ட் வந்துருச்சு, அம்புட்டையும் குடுத்துரு'ன்னு மாமா சொன்னாரு. மதினி கையப் புடிச்சுக்கிட்டுல சொன்னாரு!"

சொன்னார்தான். செல்வியும் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு அழுகையை மீறிக்கொண்டு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! கொட்டாம்பட்டியில் புருஷன் வேறொருத்தியைக் கூட்டிவந்த அன்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவின் சளியை அள்ளி, பீயை அள்ளி, "இந்த வீட்ட எம்பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வச்சுருங்கப்பா, ஒங்களுக்கு அப்புறம் நான் எங்க போவேன்" என்று கேட்காத நாளில்லை. அவர் சிரிப்பார். "கேஸு முடியட்டும்மா" என்பார்.

கேஸ் என்றால் அவருடைய கம்பெனி கேஸ். டெலிபோன் டிபார்ட்மெண்டில் கேபிள் ஒட்டிய மனிதர். ரிட்டையர்டான காசில் பாதியை வயர்லெஸ் கம்பெனி ஒன்றின் பங்குகளில் போட்டுவிட்டு, ஏதோ சொந்தப் பிள்ளை டவர் கட்டினதுபோல் பெருமை பேசுவார். அலை அறுந்துபோகாமல் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குத் தாவும் வித்தைக்கு அந்தக் கம்பெனிதான் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அதை வெளிநாட்டு போன் கம்பெனி ஒன்று சல்லிக்காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. ஏழு வருஷமாக வழக்கு. செல்விக்கு அந்தப் பேச்சே ஆகாது. அவர் ஆரம்பித்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"எழுதித்தான் வச்சுருக்காரு. அதுக்கென்ன இப்ப?" என்றாள் செல்வி, நிமிர்ந்து. "பன்னெண்டு வருசத்துல பொங்கலுக்கு ஒருநா வந்து எட்டிப் பாத்தவனுக்கா எழுதுவாரு?"

"அப்ப கொள்ளியையும் நீயே வையி." அருள்பாண்டி தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தப்படிப்பவர்கள் நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்தார்கள். வெயில் ஏறி அப்பாவின் முகத்தில் விழுந்தது. ஒருத்தருக்கும் பந்தலை இழுத்துவிடத் தோன்றவில்லை.

அந்நேரம் பார்த்து செல்வியின் இடுப்பில் அப்பாவின் போன் அதிர்ந்தது. காலையிலிருந்து இருபது தடவையாவது இருக்கும். சித்தப்பா முத்திருளனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எவன்டா அவன் எழவு வீட்டுல? ஸ்பீக்கர்ல போடு தாயி, நான் பேசுறேன்."

"ஐயா! முத்துக்குமரன். என்னங்கய்யா நீங்க, காலைலருந்து அடிக்கிறேன்! செட்டில்மெண்ட் வந்துருச்சுன்னு ஒம்பது மணிக்கே மெசேஜ் போட்டேனே. வெளிநாட்டுக்காரன் சமாதானத்துக்கு வந்துட்டான், லைசென்ஸ் வாங்குறான். நம்ம பங்கு இருபது பர்சன்ட் ஏறி நிக்குதுய்யா! நேத்து நீங்க சொன்ன மாதிரி குடுத்துறவா?"

"எதக் குடுக்க?" என்றார் சித்தப்பா.

"பங்கத்தான். எங்க பாஷையில குடுக்குறதுன்னா விக்கிறது. நீங்க யாரு பேசுறது? ஐயாட்டக் குடுங்க, அவரு வாயால சொன்னாத்தான் நான் விக்க முடியும்."

சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் பங்குப் புரோக்கர் முத்துக்குமரன் அழுதேவிட்டான். அழுதுகொண்டே கணக்கும் சொன்னான்: மொத்தம் முப்பத்தொரு லட்சம். செத்தவர் கணக்கில் கை வைக்க முடியாது. நாமினி பாண்டிச்செல்வி. பேப்பர் கொடுத்து அவள் பேருக்கு மாறிவர பதினைந்து நாளாவது ஆகும்.

செல்விக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. ஒன்பதேகால் மணிதான் கண்ணுக்குள் நின்றது. அப்பா அதைச் சொல்லிவிட்டுத் தலையணைப் பக்கம் கையை நீட்டினார். பத்திரம் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்து இவள் கையை விட்டுத் துழாவினாள். போன்தான் அகப்பட்டது, அடித்துக்கொண்டிருந்தது. கட் பண்ணினாள். மறுபடி அடித்தது, மறுபடி கட் பண்ணினாள். அவர் கை காற்றில் போனைத் தேடியது. அதைப் பிடித்து மடக்கிவிட்டு அவர் காதில் குனிந்து, "பத்திரம் எங்கப்பா? பீரோலயா?" என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பார்வை நகரவேயில்லை.

அருள்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்தான். திருப்பரங்குன்றத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். பேரம் அவனுக்குக் கைவந்த கலை. "அக்கா, சண்ட எதுக்கு? பத்திரம்னு ஒண்ணு இல்லேன்னு ஆச்சு, வீடு ரெண்டு பேருக்கும் பொது. பங்கு பூராம் நீ எடுத்துக்க. எனக்கு ஒரு பைசா வேணாம். வீட்ட எனக்கு விட்ரு. சித்தப்பா, ஒரு பேப்பர்ல எழுதுங்க. பதினாறு கழியவும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, ஒம் பாத்தியத்த விட்டுக்குடுத்ததா விடுதலைப் பத்திரம் எழுதிக்கிருவோம்."

முப்பத்தொரு லட்சம்! ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்துவிட்டு மிச்சத்தை வட்டிக்குப் போட்டால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். செல்வி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அருள்பாண்டி "எங்கப்பா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கதறினான்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மணி நான்கு. பின்னாலேயே புரோக்கர் முத்துக்குமரன் மாலையோடு வந்தான். படத்துக்குப் போட்டுவிட்டு செல்வியின் முன்னால் வந்து நின்றவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு மணிக்கு செட்டில்மெண்ட் கண்டிசன வெளியிட்டாங்கக்கா. ஒரே தடவ பணம். அதுலயும் பாதி வக்கீலுகளுக்கு. இனிமே காலத்துக்கும் வெளிநாட்டுக்காரன் அந்த டெக்னாலஜிய ஓசியா வச்சுக்கலாமாம். வருசா வருசம் காசு வரும்னுதான எல்லாரும் இந்தப் பங்க வாங்குனாங்க? அம்புட்டுப் பேரும் விக்க ஓடுறான், வாங்க ஒருத்தன் இல்ல. வெல நாளைக்கும் விழும். ஒங்க பேருக்கு மாறி வரையில என்ன மிஞ்சுமோ."

அருள்பாண்டி ஈரத்தலையோடு இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். சட்டைப்பையில் மடித்துவைத்த காகிதத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அதுக்கென்னக்கா, பதினாறு வரைக்கும் இங்கனயே இரு. யாரு போகச் சொன்னா?" என்றான், ரொம்பப் பரிவாக.

"காலைல ஒரு வார்த்த, 'குடுத்துரு'ன்னு ஐயா சொல்லியிருந்தாப் போதும், முழுசா வித்துருப்பேன்." முத்துக்குமரனுக்கு மனசு ஆறவில்லை. "கடைசியா எதாச்சும் சொன்னாராக்கா?"

அப்பாவின் அறை வாசலில் அளவு டேப்போடு நின்ற சத்யப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் செல்வி. "தண்ணி கேட்டாரு. குடுத்தேன்."

சத்யப்ரியா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டேப்பின் நுனியை நீட்டி, "மதினி, இத அந்தச் செவுரோட சேத்துப் புடிங்க. பீரோ நிக்குமான்னு பாக்கணும்" என்றாள்.

செல்வி போய்ப் பிடித்தாள்.