இன்னொரு கைலாச முதலியார்

காஞ்சிபுரத்தில் அப்போது கோர்ட்டுக்குப் போனாலும் முதலியார், நகராட்சிக்குப் போனாலும் முதலியார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்துகொண்டிருந்த கைலாச முதலியாருக்கோ அந்தப் பட்டம் ரேஷன் கார்டில் மட்டுந்தான் இருந்தது. அதே வார்டில் அதே பெயரில் ஒரு வக்கீல். பெயரைச் சொன்னதும், "வக்கீலா?" என்பார்கள். "இல்ல, தறி" என்பார். கேட்டவர் முகம் மாறிவிடும்.

1969 நகராட்சித் தேர்தலில் வக்கீல் சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவரின் ஆள் ராஜவேலு, தறிக்காரர் வீடு தேடி வந்தான்.

"நீங்களும் நில்லுங்க முதலியாரே. வக்கீல்தான் நிக்கணும்னு சட்டமா இருக்குது? கையெழுத்து போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

அவரை யாரும் அப்படி மரியாதையாக அழைத்ததில்லை. கையெழுத்துப் போட்டார். தெருச் சுவரில் தன் பெயரையும் ஏணிச் சின்னத்தையும் பார்த்த அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மனைவி கமலாட்சி இரண்டு நாள் பொறுத்தாள்.

"ஏங்க, தெரு பூரா உங்க பேர எழுதி வச்சிக்கிறானே, ஒரு கூட்டத்துக்காச்சும் கூப்டானா? ஜனங்க பேர் கொழம்பி, வக்கீலுக்குப் போடுற ஓட்ட உங்களுக்குப் போடணும். அதுக்குத்தான் நிக்க வச்சிக்கிறான். அவரு கேஸ் போட்டு வாங்கிக் குடுத்த கொழாத் தண்ணியத்தான குடிச்சிக்கினு இருக்கோம்?"

கைலாசம் மறுநாள் காலையிலேயே மனுவை வாபஸ் வாங்க நகராட்சி ஆபீசுக்குப் போனார். கெடு முடிந்துவிட்டது என்றார் குமாஸ்தா.

அதன்பிறகு அவர் தறியில் உட்காரவில்லை. வீடு வீடாகப் போய்க் கை கூப்பினார். "ஏணி என்னுது. அதுல குத்தாதீங்கம்மா. வக்கீலய்யா சின்னம் தராசு. அதுல குத்துங்க." சிலர் சிரித்தார்கள். ராஜவேலு தெருமுனையில் மறித்து வாய்க்கு வந்தபடி திட்டினான். கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

வக்கீல் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். ஏணிக்கு ஐம்பத்தெட்டு விழுந்திருந்தது.

எதிர்வீட்டு அம்சவேணி பெருமையோடு வந்து சொன்னாள்: "எங்க வூட்ல நாலு பேரும் உனக்குத்தாண்ணா குத்தினோம். எனக்கு ஓட்டு வேணான்னு சொன்ன ஆள இப்பத்தான் பாக்கறேன்!"

கைலாசம் நேராக வக்கீல் வீட்டுக்குப் போய், கையெழுத்துப் போட்டதிலிருந்து அம்சவேணி சொன்னது வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

வக்கீலுக்கு முதலில் முகம் சிவந்தது. "எத்தன வீட்டுக்குப் போன?"

"இரநூறு வூடு இருக்கும் ஐயா."

"இருபது வருஷமா வாதாடுறேன். ஜனங்க உன்ன நம்பின மாதிரி என்னை நம்பினதில்லப்பா." சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "உக்காரு. காபி சாப்பிட்டுப் போ."

வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்த கைலாசம் சாயங்காலம் வரை நெய்துகொண்டிருந்தார். விளக்கேற்ற வந்த கமலாட்சியிடம், "திட்டியிருந்தார்னா தேவல" என்றார்.