ஏழு மணிக்கு ஊர் வேண்டும்

மருந்து வேளை தவறாமல் நோயாளிகளின் போனில் மணியடிப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. நானூறு பேர், பல தேசங்களில்; கோடை வரும்வரை எல்லார் கடிகாரமும் ஒரே மணிதான் காட்டும், மருந்தும் எல்லாருக்கும் காலை ஏழுக்குத்தான். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, 'காலை 7:00 +1' என்று, அவர் கேட்ட நேரத்தையும் உலகப் பொதுமணிக்கு அவர் கடிகாரம் எத்தனை மணி முன்னே என்பதையும் சேர்த்தே பதிந்திருந்தார்கள். அங்கேதான், கண்ணுகளா, வினை.

சில தேசங்களில் கோடை வந்தால் கடிகாரத்தையே ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். தள்ளாத தேசங்களும் உண்டு. போன கோடையில் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் ஒன்றைக் கூட்டிவிட்டார். தள்ளாத ஊர்க்காரர்களுக்கு ஆறுக்கே மணியடித்தது. சாப்பாடு வருமுன் இன்சுலின் போட்டுக்கொண்ட ஒருவர் மயங்கியே விழுந்தார். இன்னொரு முறை தப்பினால் இந்த வேலையையே நிறுத்திவிடுவேன் என்றார் முதலாளி.

இந்தக் கோடைக்குக் கடிகாரம் தள்ள நான்கு நாள் இருக்கையில், எல்லாரும் 'கறார்' என்று கூப்பிடும் புரோகிராமர் பெண் மேனேஜரிடம் வாயைத் திறந்தாள்.

"ஏழு மணியை மட்டும் வெச்சுக்கலாம் சார். பக்கத்துல ஊர் பேரு. எத்தனை கூட்டணும்னு அன்னன்னிக்கு மெஷினே பாத்துக்கும்."

"ஊர் பேரே நம்மகிட்ட இல்லையேம்மா!"

"கேட்டா சொல்லிட்டுப் போறாங்க. வாய் எதுக்கு இருக்கு?"

சனிக்கிழமைக்குள் ஒருவர் தவிர எல்லாரும் பதில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஒருவர், கறாரின் சொந்த அக்கா! போன மாதம்தான் கணவரின் வேலைக்காக ஊர் மாறியவள். கறார் அவளுக்குப் போனைப் போட்டாள்.

"ஏன்க்கா பதில் போடல?"

"எவனோ திருடன் ஊரைக் கேக்கறான்னு நெனச்சேன்டி."

"எழுதினது நான்."

"அதான் அந்த அதட்டலா!"

சிரித்துக்கொண்டே அக்கா ஊரைச் சொன்னாள். கடிகாரம் தள்ளாத ஊர்.

ஞாயிறன்று எல்லாரும் திரையின் முன்னே கூடிவிட்டார்கள். தள்ளிய ஊர்களில் ஏழு அடிக்க, 'போட்டாச்சு' என்று பதில்கள் மளமளவென்று விழுந்தன. மேனேஜர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"உங்க அக்காவுக்கு அடிக்கவே இல்லையேம்மா?"

"அவ ஊர்ல இப்பதான் சார் ஆறு. தூங்கட்டும் பாவம்."

சரியாக ஒரு மணி கழித்து மீதிப் பதில்களும் வந்து விழுந்தன. நானூறும் முழுசு! மேனேஜர் நாற்காலியின் மேலேயே ஏறி நின்று கைதட்டினார். அந்த ஆரவாரத்தில் கறாரின் போன் அலறியது.

"அடியே, நல்ல தூக்கத்தைக் கெடுத்துட்டியே!"

"மணி என்னக்கா அங்க?"

"ஏழுடி, ஏழு!"

கறார் போனை ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுக்கா. எல்லாரும் கேக்கட்டும்."