இரண்டு முறை எண்ணப்பட்ட வகுப்பு

இந்தக் காலத்தில் எவனும் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்குவதில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயதில் பிறந்த மகள் டெல்லாவும் அப்படித்தான். இளங்கலை முடிய இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது, அதற்குள் முதுகலையும் தொடங்குகிறாளாம். குற்றவியல் நீதி. பென்சில்வேனியாவில் ஒரு மாவட்டச் சிறையில் இருபத்தேழு வருடம் காவலனாக நின்ற எனக்கு அதில் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைகழுவியது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடையில் வேலை. காலையில் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அப்பா, இத காலேஜ் ஆபீஸ்ல அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க. இன்னிக்குத்தான் கடைசி. விட்டா இந்தத் திட்டத்துல எப்பவுமே சேர முடியாது."

"சரி."

"நீங்க எதையும் படிக்க வேணாம். குடுத்தா போதும்."

படிக்காதே என்றால் படிப்பவன் நான். கைதிகளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தே பென்ஷன் வாங்கியவன். கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டேன். இடப்பக்கம், இளங்கலைக்கு என்று இரண்டு வகுப்புகள். வலப்பக்கம், முதுகலைக்கு என்று அதே இரண்டு வகுப்புகள்.

விரல் வைத்து மறுபடி பார்த்தேன். சிறையில் நாளைக்கு ஐந்து முறை தலை எண்ணுவோம். ஒருவனை இரண்டு முறை எண்ணியும் மொத்தம் சரியாக வந்தால், வேறொருவன் வேலி தாண்டிவிட்டான் என்று அர்த்தம். யாரோ தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறார்கள், பிள்ளை மாட்டிக்கொள்வாள் என்று பேனாவை எடுத்தேன். பதிவேட்டில் பிழை திருத்தும் முறை எனக்குத் தெரியும். ஒரே கோடு, தேதி, பெயரின் முதலெழுத்து. வலப்பக்கத்து இரண்டையும் அடித்து 'ஆர்.கே.' என்று போட்டேன். கோடு நேராக வந்ததில் கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

அலுவலகத்தில் யூனிஸ் என்று பெயர் குத்தியிருந்த பெண் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு சார் இந்த ஆர்.கே.?"

"நான்தான், ரூடி கோவாச். டெல்லாவோட அப்பா. ஒரே வகுப்ப ரெண்டு தடவ எண்ணியிருந்தாங்க. திருத்திட்டேன்."

"சார், இந்தத் திட்டமே அதுதான். நாலாவது வருஷத்துல படிக்கிற வகுப்பு ரெண்டு பட்டத்துக்கும் சேரும்."

"எங்க ஜெயில்ல இப்படி எண்ணினா ஒரு ஆள் தப்பிச்சிட்டான்னு அர்த்தம்."

"இங்க தப்பிச்சது உங்க பொண்ணோட சீட்டு. அடிச்ச படிவம் செல்லாது." புதிதாக ஒன்றை நீட்டினாள். "பேராசிரியர் லோம்பார்ட் கையெழுத்து வேணும். மூணாவது மாடி. நாலரைக்குக் கிளம்பிடுவார்."

மணி நாலே கால். லிஃப்ட்டை நம்பாதே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், நின்றிருந்த பிள்ளைகளை முழங்கையால் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன்.

லோம்பார்ட் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன வருஷம் ஜெயில்ல இருந்தீங்க?"

"இருபத்தேழு."

"உள்ளயா, வெளியயா?"

"சாவி என்கிட்ட இருந்துச்சு."

சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். "இந்தத் தலை எண்ணுற கதைய என் வகுப்புல வந்து சொல்லுங்களேன்."

"அத எந்தப் பட்டத்துல சேப்பீங்க?"

"ரெண்டுலயும்தான்."

கீழே யூனிஸ் படிவத்தில் முத்திரை குத்தும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேனாவ உள்ள வைங்க சார்," என்றாள். வைத்தேன்.

வாசலுக்கு வருமுன் டெல்லாவின் போன்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு."

"படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கிறேன்."

"யூனிஸ் இப்பத்தான் போன் பண்ணாங்க, ஆர்.கே. சார்."

போனை அணைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன். பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனாலும் படிப்பது இரண்டு, கணக்கில் நான்கு. மற்ற இரண்டும் எங்கே என்று இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒருவரும் தேடவில்லை.