செலவு சகிதம்

கோலார் முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பைக் கன்னடத்தில் படித்தார்கள். பார்வதம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. வக்கீல் அவள் பக்கம் குனிந்து, "ஜெயிச்சிட்டம்மா. மாடு ரெண்டும் உனக்கு. செலவும் அவன்தான் குடுக்கணும்" என்றார். அவள் யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

புருஷன் தங்கச் சுரங்கத்தில் கல் சரிந்து செத்த ஏழாம் நாள், அவன் வாங்கிய முன்பணம் பாக்கி என்று சொல்லி கோவிந்தன் மேஸ்திரி அவளுடைய இரண்டு கறவை மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போயிருந்தான். காகிதம் ஒன்றும் கிடையாது. ஆண்டர்சன்பேட்டையில் அந்தப் பாலை ஊற்றித்தான் அவள் பிழைத்து வந்தாள். இரண்டு வருஷம், பதினோரு வாய்தா. ஒவ்வொரு தடவையும் பௌரிங்பேட்டை வரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி. ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு வந்த சாட்சிகள் இரண்டு பேருக்கும் கூலியும் சோறும் அவள்தான் கொடுத்தாள். அதற்கெல்லாம் பக்கத்து வீட்டு வெங்கடம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த கம்மலையும் சங்கிலியையும் கொடுத்து அடகு வைக்கச் சொன்னாள். "ஜெயிச்சா செலவு திரும்பி வருமில்ல? அப்போ மீட்டுக் குடு." கல்யாணம் வருகிற தை மாதம்.

வராந்தாவில் வக்கீல் செலவுப் பட்டியலைப் படித்தார். "எட்டு ரூபா நாலணா."

"மிச்சம் எப்போ தருவாங்க?"

"இவ்ளோதாம்மா."

"எழுபத்திரெண்டு ரூபா செலவு பண்ணியிருக்கேனே, சாமி!"

"மாட்டு மதிப்பு அம்பது ரூபா. நூத்துக்கு அஞ்சுன்னு என் பீஸ ரெண்டரை ரூபாவாத்தான் கோர்ட் எடுத்துக்கும். சாட்சிக்கு, அவங்க சாட்சி சொன்ன ஒரு நாள் படி. மீதி ஸ்டாம்பு."

"நீங்க எங்கிட்ட முப்பது வாங்கினீங்களே?"

"அது நமக்குள்ள" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை.

பார்வதம்மாவுக்கு அழுகை வரவில்லை. சாட்சிகள் வந்த மற்ற பத்து நாளும் நடக்கவே இல்லையா? யாரும் வரவில்லையா, தின்னவில்லையா? பொய் சொன்னவனுக்கு எட்டு ரூபாய் செலவு. உண்மை சொன்னவளுக்கு எழுபத்திரண்டு.

கோவிந்தன் மேஸ்திரி அங்கேயே மடியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தான். அவன் முகத்தில் தோற்றவனின் களையே இல்லை.

"வெங்கடம்மா நகைய மீட்கணுமில்ல? மாட்ட நானே வாங்கிக்கிறேன். நாப்பது தரேன். எங் கொட்டாயிலதான கட்டிக் கீது, நீ அவுக்கக்கூட வேணாம்."

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை கோர்ட் டிக்ரி நகலோடு அவனுடைய கொட்டகைக்குப் போனாள். மாடுகள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய மாட்டின் கயிற்று முடிச்சு மழையில் இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. தெருவில் வெங்கடம்மா மகளோடு நின்றிருந்தாள். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதம்மா குனிந்து பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள்.