நாற்பது நாள் வருகை

சுமித்ரா மரத்திலிருந்து விழுந்த நேரத்தில், அரசாங்கப் பதிவின்படி அவள் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அப்படிப் பதிந்தவள் ஜெனிபர் டீச்சர்.

கீழே சமவெளியிலிருந்து மலைமேலிருக்கும் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கு வந்து அவளுக்கு ஐந்து வருடமாகிறது. மிளகு பழுக்கும் மாதங்களில் மலைக் குடும்பங்கள் பல, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கேரளத்து எஸ்டேட்டுகளுக்குப் போய்விடும். போன பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்குத் திரும்புவதில்லை. இந்தப் பொங்கல் கழிந்ததும் சுமித்ராவின் அம்மா பாப்பாத்தியும் மூட்டை கட்டினாள். கணவன் இறந்து இரண்டு வருடம். மரவள்ளி போட்டிருந்த துண்டு நிலம் இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. ஜெனிபர் அவள் வீட்டுக்கே போய்க் கெஞ்சினாள். பாப்பாத்தி கோபப்படவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, ஒருத்தி கூலியில் வருடம் ஓடாது என்று மட்டும் சொன்னாள்.

ஜெனிபர்தான் வழி சொன்னாள். பக்கத்திலேயே ராசப்பன் என்பவன் குத்தகைக்கு எடுத்த மிளகுத் தோட்டம் இருக்கிறது. தாயும் மகளும் நாற்பது நாள் அங்கேயே வேலை செய்யட்டும். வருகையைத் தான் போட்டுவிடுவதாகவும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தருவதாகவும் சொன்னாள். பெயர் இடைநின்றவர்கள் பட்டியலுக்குப் போகாது. பிள்ளையும் மலையை விட்டுப் போகாது. பாப்பாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பள்ளிக்குப் பின்னாலிருந்த பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். தினமும் காலையில் ஜெனிபர் அங்கே நின்று போனில் வருகை போட்டாள். சுமித்ராவின் பெயர் வரும்போது மட்டும் மனதுக்குள், "ஆண்டவரே, இது பொய்தான். ஒரு பிள்ளைக்காக" என்று சொல்லிக்கொள்வாள்.

சாயங்காலப் பாடத்தை அவள் ஒருநாளும் தவறவிடவில்லை. ஒருநாள் சுமித்ராவின் முழங்காலில் சிராய்ப்பைப் பார்த்து என்னவென்று கேட்டாள்.

"ஒத்தை மூங்கில் ஏணிங்க டீச்சர். கணுவுல கால் வெச்சு ஏறோணும். பெரியவங்க ஏறினா மரத்துல படர்ந்த மிளகுக் கொடி அறுந்துருமாமுங்க. நான் பஞ்சாட்டம் இருக்கேனாமுங்க" என்று சுமித்ரா பெருமையாகச் சிரித்தாள்.

கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்குகிறாள், பறித்த சரத்தை மிதித்து மணி பிரிக்கிறாள் என்றுதான் ஜெனிபர் அதுவரை நினைத்திருந்தாள். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நாற்பதில் இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. "பாத்து ஏறு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னக் கணக்கை எடுத்தாள்.

மூன்றாம் நாள் பனியில் மூங்கில் வழுக்கியது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. ராசப்பனே அவளைத் தூக்கி ஜீப்பில் போட்டு ஓட்டினான். வழியெல்லாம் அழுதான் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னபோது, பள்ளிக்கூடத்துக் கொய்யா மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னான். நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்தார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து ஓம்பிரகாஷ் என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். தோட்டத்தில் விழுந்ததாக யாரோ போன் செய்திருந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்க சார், பள்ளிக்கூடத்துல இருந்த புள்ள எந்தோட்டத்துல எப்படிங்க விழும்? டீச்சர் போட்ட வருகையைப் பாருங்க" என்றான் ராசப்பன்.

அதிகாரி பார்த்தார். அன்றைய தேதியில் சுமித்ராவின் வருகை இருந்தது. அவர் பாப்பாத்தியின் பக்கம் திரும்பினார். இவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று ஜெனிபர் காத்திருந்தாள். அவள் சொன்ன பிறகு தலையாட்டினால் போதும் என்றும், அது சுலபமாக இருக்கும் என்றும்கூட நினைத்தாள்.

பாப்பாத்தி ஜெனிபரை ஒருமுறை பார்த்தாள்.

"கொய்யா மரத்துலதானுங்க விழுந்தா. டீச்சர் மேல ஒரு தப்புமில்லீங்க. அவங்க வேண்டாமுன்னுதான் சொன்னாங்க, எம்புள்ளதான் கேக்கலீங்க."

அவள் பயந்து சொல்லவில்லை. தனக்கு உதவிய ஒருத்தியின் வேலை போய்விடக் கூடாது என்று, முறிந்து கிடக்கும் மகள் மேலேயே பழியைப் போட்டாள். திருப்பித் தர அவளிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. ஜெனிபர் செய்த நல்லதும் அதற்குப் பதிலாகப் பாப்பாத்தி செய்த நல்லதும் சேர்ந்து ராசப்பனுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தன. அன்பாகச் சொன்ன பொய்யும் பொய்தான் என்று சர்ச் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு ஜெனிபர் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

"சார், அன்னிக்கு அவ பள்ளிக்கு வரல" என்றாள். குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகத் தொடர்ந்தாள். "வருகை போட்டது நான்தான். பொங்கல் முடிஞ்சதுல இருந்து எல்லா நாளும் பொய். அவ தோட்டத்துலதான் விழுந்தா."

பாப்பாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராசப்பன் மேல் வழக்குப் பதிந்தார்கள். ஜெனிபருக்குத் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. இரண்டுமே சரிதான் என்று அவள் நினைத்தாள். ஆனால் வழக்குக்குப் பயந்து மற்றத் தோட்டக்காரர்கள் அந்த ஊரிலிருந்து யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஐந்து குடும்பங்கள் கேரளத்துக்கு பஸ் ஏறின. ஏழு பிள்ளைகள் கூடப் போனார்கள். அதைத்தான் அவளால் ஜெபத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை.

அவள் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுமித்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். பாப்பாத்தி எழுந்திருக்கவில்லை.

"நானு சொன்னதோட உட்டிருந்தா உங்க வேலையாச்சும் நின்னிருக்கும். அவ காலு திரும்பியா வரப்போவுது?" என்றாள்.

அடுத்த வாரம் தானும் கேரளத்துக்குப் போகவேண்டும், இந்தக் காலோடு இவளை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று பாப்பாத்தி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. இப்ப நாள் முழுக்க வீட்லதான் இருக்கேன்" என்றாள் ஜெனிபர்.

பாப்பாத்தி சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அவளுக்கு ஒரு வேளையாச்சும் களி வேணுமுங்க. சோறுன்னா வயிறு நெறையாது. உங்களுக்குக் களி கிண்டத் தெரியுமுங்களா?"

தெரியாது என்றாள் ஜெனிபர்.

பாப்பாத்தி மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, உலைத் தண்ணீர் எவ்வளவு கொதிக்க வேண்டும் என்பதிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.