கப்பலில் ஒரு கேப்டன் கூடுதல்

வடதுருவ ஒளியைப் பார்க்கக் கப்பலில் போவோம் என்று மனைவி குட்ரூன் சொன்னபோது, ஸ்வெர்ரே காபிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"முப்பது வருஷம் கப்பல்லதான கெடந்தேன். இப்ப டிக்கெட் வேற வாங்கி ஏறணுமா?" என்றான் கோப்பைக்குள்ளிருந்தே.

கப்பல் என்று அவன் சொன்னது ஹார்டாங்கர் ஃபியோர்டில் கார்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் ஃபெர்ரியை. அதற்கு அவன்தான் கேப்டன். இருபுறமும் மலைகள் காவல் நிற்கும் தண்ணீர் அது. கிண்ணத்துப் பால் மாதிரி அசையாமல் கிடக்கும். முதல் ஃபெர்ரியை எடுக்க அவன் விடியுமுன் எழுவான், அவனுக்குக் காபி போட அவளும் எழுவாள். அதனால் இருவரும் கோழி அடையும் நேரத்திலேயே படுத்துவிடுவார்கள். நடு இரவில் வானம் என்ன செய்கிறது என்று பார்க்க குட்ரூனுக்கு வாய்த்ததே இல்லை. அவன் ஓய்வுபெற்ற முதல் குளிர்காலத்தில் அவள் பிடித்த பிடியை விடவில்லை.

"நீ வரலைன்னா நான் தனியாப் போறேன். மீன் சூப் ஃப்ரீசர்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு."

பெர்கன் துறைமுகத்தில் இருவருமாகத்தான் கப்பல் ஏறினார்கள்.

சாப்பாட்டு மேஜையில் அவர்களோடு ரான்ஹில்ட் என்பவள் சேர்ந்துகொண்டாள். ட்ராமன் ஊரில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தவள், பேச்சு ஓயாது. இதே பயணத்தில் அவளுக்கு இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் மேகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருந்தாள்.

"நான் கப்பல் ஏறினா போதும், மேகம் வந்து மூடிக்குது. என் மூஞ்சி பிடிக்கலை போலிருக்கு," என்றாள் வாஃபிளில் பழுப்புப் பாலாடைக்கட்டியை அடுக்கிக்கொண்டே.

ஸ்வெர்ரேவுக்குப் பேச ஆள் கிடைத்தது போதுமே. அலைக்குப் பேர்போன ஸ்டாட் முனை அன்று அதிசயமாகத் தூங்கிக்கொண்டிருக்க, அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டான். "வயித்தக் கலக்குறதெல்லாம் மனசுதான். எனக்கு ஒரு நாள்கூட வந்ததில்ல. கேப்டனுக்கு வரலாமா அது?" என்று மூன்று மேஜைகளுக்குக் கேட்கும்படி சொன்னான். திருப்பங்களில் கப்பலை எப்படி வளைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னான். குட்ரூன் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டு பேசினான்.

நாள் போகப் போக மேகம்தான் வந்தது. ட்ரோம்ஸோவைத் தாண்டினார்கள். குளிர்காலத்தில் சூரியனே எழாத பகுதி அது. நண்பகலில் கொஞ்சம் நீலமாக வெளுத்துவிட்டு மறுபடி இருட்டும். அன்று மதியம் காற்று திசை மாறியது. தீவுகளின் மறைவை விட்டு லோப்பா கடலுக்குள் கப்பல் தலை நீட்டியதும் முதல் அலை அடித்தது. அவர்கள் அறையில் அலமாரிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது.

ஸ்வெர்ரேயின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"மீன் கெட்டுப்போயிருக்கும்," என்றான்.

"அதே மீனத்தான் நானும் தின்னேன்," என்று குட்ரூன் வாளியை அவன் மடியில் வைத்தாள். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. பசி வேறு எடுத்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாலைச் சாப்பாட்டுக்கு அவள் தனியாகப் போனாள். "எங்க நம்ம கேப்டன்?" என்று ரான்ஹில்ட் கேட்டதும், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். "மேல போயிருக்கான். கப்பல் ஓட்டுறவங்க என்னமோ யோசனை கேட்டாங்களாம்."

அந்தப் பேச்சு அடுத்த மேஜைக்குப் போனபோது ஸ்வெர்ரே சுக்கானுக்குப் பக்கத்தில் நின்றான். அதற்கடுத்த மேஜையில் சுக்கானே அவன் கையில் இருந்தது. ஒரு பெரியவர் எழுந்து குட்ரூனை நோக்கிக் கோப்பையை உயர்த்தினார். அவள் சூப்பைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கப்பலின் உண்மையான கேப்டன் டோர்டிஸ், பயணிகளை நலம் விசாரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். நேராக இவர்கள் மேஜைக்கே வந்தாள்.

"என் கப்பல வேற யாரோ ஓட்டுறதாக் கேள்விப்பட்டேன்," என்றாள்.

குட்ரூனுக்குக் காதுவரை சூடேறியது. எழுந்து டோர்டிஸின் காதோரம், "கீழ அறையில இருக்கான். வாளியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு," என்றாள்.

டோர்டிஸ் சிரிப்பை விழுங்கினாள். "மேல கூட்டிட்டு வாங்க. வெளிக்காத்து பட்டா தேவலையாகும். மேகத்தையும் இந்தக் காத்துதான் தள்ளிக்கிட்டுப் போகுது."

அவள் வாசலைத் தாண்டியிருக்க மாட்டாள், ஒலிபெருக்கி பேசியது: வானத்தில் ஒளி தெரிகிறது, எல்லோரும் மேல்தளத்துக்கு வரலாம். நாற்காலிகள் சரசரவென நகர்ந்தன. குட்ரூன் மேலே போகும் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். பிறகு சபித்துக்கொண்டே கீழே ஓடினாள்.

"என்ன விட்டுடு. நீ போய்ப் பாரு," என்றான் ஸ்வெர்ரே.

"தனியாப் பாக்குறதுக்கா உன்ன இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தேன்? எழுந்திரு. வாளியையும் எடுத்துக்க."

கம்பளியைச் சுற்றி, கம்பிகளைப் பிடிக்க வைத்து, அவனை மேலே கொண்டுசேர்த்தாள். தளத்து விளக்குகளை அணைத்திருந்தார்கள். வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கப்பல் புகைதானே இது, இதற்கா இத்தனை ஓட்டம் என்று நினைத்தாள். அந்தக் கோடு பச்சையாகி, மடிந்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடத் தொடங்கியது. மடிப்பின் அடியில் இளஞ்சிவப்பு தெறித்து மறைந்தது. குட்ரூன் கம்பியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

ரான்ஹில்ட் சாப்பாட்டு மேஜைத் துணியை எடுத்து வந்து வானத்தைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தாள். "துணிய ஆட்டினா அதுக்குக் கோவம் வந்து கீழ இறங்கிடும்னு எங்க பக்கம் சொல்வாங்க," என்றார் வடக்குக்காரர் ஒருவர். "வரட்டுமே. கோவத்துலயாவது கிட்ட வருதா பாப்போம்," என்றவள், கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

கோப்பை உயர்த்திய பெரியவர் ஸ்வெர்ரேயின் தோளைத் தட்டினார். "இந்த அலையிலயும் அருமையா ஓட்டினீங்க."

ஸ்வெர்ரே மனைவியைப் பார்த்தான். அவள் வானத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. கப்பல் சாய்ந்தது. வாளிக்குக் குனிந்து நிமிர்ந்தவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நான் எங்க ஓட்டினேன்? மத்தியானத்துலேருந்து இந்த வாளியத்தான் ஓட்டிட்டிருக்கேன்," என்றான்.

முதலில் சிரித்தது அவனேதான். பிறகு தளமே சிரித்தது.

குளிர்காற்று வேலை செய்தது. கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு நிறம் திரும்பியது. "பசிக்குது. சூப் மிச்சம் இருக்குமா?" என்றான்.

"இருக்கும். நீ போய்ச் சாப்பிடு. நான் இன்னும் பாத்து முடிக்கல."

அவன் படிவரை போனான். திரும்பி வந்து, கம்பளியின் ஒரு பாதியை அவள் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான்.